பட்டன் போன் அம்மாவுக்கு சிங்கப்பூரிலிருந்து பேச

வணக்கம் தம்பி. அம்மாவிடம் பட்டன் போன்தான், ஊரில் நெட்டும் இல்லை, பத்து நிமிஷம் பேசினாலே டாப்-அப் தீர்ந்துவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். வாட்ஸ்அப் உதவாது. ஸ்கைப்பையும் 2025 மே மாதம் மூடிவிட்டார்கள்.

முதலில் எந்த முன்னெண் போட்டு அழைக்கிறீர்கள் என்று பாருங்கள். சிங்கப்பூர் போன் கம்பெனிகளில், சிங்டெல்லில் 001 விலை கூடிய வழி, 019 மலிவு. ஸ்டார்ஹப்பில் 008க்குப் பதில் 018. அம்மா எண்ணையே 019 91 (ஸ்டார்ஹப் என்றால் 018 91; 91 இந்தியாவுக்கான எண்) என்று தொடங்கிச் சேமித்துவிடுங்கள், அவசரத்தில் கை தவறாது.

உங்கள் பக்கம் வைஃபை இருந்தால், வைபர் ஆப்பில் காசு கட்டிப் பேசும் வைபர் அவுட்டும் நல்லது, சாதாரண போனுக்கே மணி அடிக்கும். முன்பணம் கட்டி வாங்கும் காலிங் கார்டு மட்டும் வேண்டாம். ஒவ்வொரு அழைப்புக்கும் தனிக் கட்டணம் பிடித்து, என் பத்து வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நான்கே அழைப்பில் போனது.