உயர்த்திய வண்டி நேராக ஓடவில்லையா? டேம்பரை விடுங்கள், கேஸ்டரை அளக்கச் சொல்லுங்கள்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் ஆஃப்-ரோடு வண்டியை 50 மி.மீ. உயர்த்திப் பெரிய டயர் போட்டேன். முன்பக்கம் ஒற்றை அச்சு, ரேடியஸ் ஆர்ம் அமைப்பு. எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வகை. 70 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் நேர்சாலையிலேயே இடமும் வலமுமாக அலைகிறது. ஸ்டீயரிங் டேம்பரை இரண்டு முறை மாற்றினேன். அலைன்மெண்ட் சரியாக இருப்பதாகச் சொல்கிறார்கள். இப்போது ஸ்டீயரிங் பாக்ஸை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?"

இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், பழுதான பாகம் எதுவும் இல்லாமலேயே உங்கள் வண்டி இப்படி அலையக்கூடும். உயர்த்தியபோது கேஸ்டர் கோணம் போய்விட்டது என்பதே என் முதல் சந்தேகம்.

ஒரு சைக்கிளின் முன் ஃபோர்க்கைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். அதன் மேல்முனை ஓட்டுபவரை நோக்கிச் சாய்ந்திருக்கும். கையை விட்டாலும் சைக்கிள் நேராகப் போவதற்கு அந்தச் சாய்வு பெரிய துணை. உங்கள் வண்டியின் முன்சக்கரங்கள் திரும்பும் அச்சுக்கோட்டுக்கும் அதே சாய்வு உண்டு. அதைத்தான் கேஸ்டர் என்கிறோம்.

ரேடியஸ் ஆர்ம், முன் அச்சைக் கெட்டியாகப் பிடித்திருக்கும் கை. வண்டியை உயர்த்தினால் கை கீழ்நோக்கிச் சாயும். அச்சும் அதோடு சேர்ந்து உருண்டு, மேல்முனை முன்னால் வந்துவிடும். கையின் நீளம் 90 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 மி.மீ. உயர்த்தினால் ஏறத்தாழ 3 டிகிரி பறிபோகிறது. பழைய டிஃபெண்டர் போன்ற வண்டிகளில் தொழிற்சாலை தந்ததே 3 டிகிரிதான். மிச்சம் என்ன இருக்கும்? சக்கரத்தை நேராக்க எந்த விசையும் இல்லாததால், அந்த வேலையை உங்கள் கைகள் செய்துகொண்டிருக்கின்றன.

இதைச் சொல்லாமல் ஸ்பிரிங்கையும் ஷாக் அப்ஸார்பரையும் மட்டும் பெட்டியில் போட்டு விற்பவர்கள் மீது எனக்குத் தீராத கோபம் உண்டு. வண்டி அலைகிறது என்று திரும்பிப் போனால், அவர்களே இன்னும் பெரிய டேம்பரை நீட்டுவார்கள். டேம்பர் அதிர்வைத் தணிக்கும் உறுப்பு; வண்டியை நேராக்கும் வேலை அதற்குக் கிடையாது. நல்ல நிலையில் உள்ள வண்டி, டேம்பர் இல்லாவிட்டாலும் நேராக ஓட வேண்டும். தடித்த டேம்பரைப் போட்டால் நோய் சில வாரங்கள் மறைந்திருக்கும், அவ்வளவுதான்.

அலைன்மெண்ட் தாளை எடுத்து, கேஸ்டர் என்ற கட்டத்தில் எண் இருக்கிறதா என்று பாருங்கள். பல இடங்களில் அது காலியாகவே இருக்கும். கேஸ்டரை அளக்கச் சக்கரங்களைச் சுழல்தட்டின் மேல் நிறுத்தி, இருபுறமும் திருப்பி அளவெடுக்க வேண்டும். அந்தச் சில நிமிடங்களைச் செலவிட மனமில்லாமல் டோவை, அதாவது மேலிருந்து பார்த்தால் முன்சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவை, மட்டும் சரிசெய்து, பச்சை நிறத்தில் அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். "இந்த வண்டியில் கேஸ்டரை மாற்ற முடியாது" என்பது அவர்களின் வழக்கமான பதில். மாற்ற முடியாவிட்டால் அளக்கவும் கூடாதா?

அலைன்மெண்ட் கடைக்குப் போவதற்கு முன் நீங்களே பார்க்க வேண்டியவை சில உண்டு. முதலில் டயர் காற்று. மணலில் ஓட்டக் குறைத்த காற்றை மறுபடி ஏற்ற மறந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்து, ஆளில்லாத திறந்தவெளியில் மெதுவாக வளைந்து, ஸ்டீயரிங் பிடியைத் தளர்த்துங்கள். தானாக நடுவுக்கு வராமல் சோம்பி நின்றால் கேஸ்டர் மீதான சந்தேகம் வலுக்கிறது.

மூன்றாவதற்கு ஓர் ஆள் துணை வேண்டும். கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். எஞ்சின் ஓடட்டும், சக்கரங்கள் தரையிலேயே இருக்கட்டும். துணையாள் ஸ்டீயரிங்கை இருபுறமும் கையளவு அசைக்க, நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டாகப் பாருங்கள். இடுக்குகளில் விரல் விட வேண்டாம். முக்கியமாகப் பான்ஹார்ட் ராடின் இருமுனைகளையும் பாருங்கள். அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிப்பது அதுதான். அங்கே போல்ட் தளர்ந்திருந்தால், அதன் தலையைச் சுற்றிப் பெயிண்ட் உரிந்து, ஒரு வளையம் மட்டும் தேய்த்த வெள்ளிபோலப் பளபளக்கும். அசைக்கும்போது 'டக்' என்ற ஒலியும் கேட்கும். துளை நீள்வட்டமாகிவிட்டிருந்தால் முறுக்கிப் பயனில்லை.

கேஸ்டர் குறைவு உறுதியானால், ரேடியஸ் ஆர்மில் துளை மையம் விலகிய கேஸ்டர் புஷ் (மூட்டில் அழுத்திப் பொருத்தும் உருளை) போடலாம். அல்லது கோணம் திருத்திய ஆர்ம் வாங்கலாம். புஷ்ஷைத் தலைகீழாக அழுத்திவிட்டால் இருக்கும் கேஸ்டரும் போய்விடும். பொருத்தும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

உங்கள் வண்டிக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. இதை யாரும் சொல்வதில்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். கேஸ்டரை மீட்க அச்சைப் பின்னோக்கி உருட்டுகிறோம். அப்போது அச்சின் நடுவிலுள்ள டிஃபரென்ஷியலின் (இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் பல்சக்கரப் பெட்டி) மூக்கு தாழும். எஞ்சின் விசையை முன் அச்சுக்குக் கொண்டுவரும் தண்டான முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட் அதனுடன் சேரும் கோணம் அதிகமாகும். தேவைப்படும்போது மட்டும் முன்சக்கரத்தை இணைக்கும் வண்டிகளில் ஹப்பை விடுவித்துவிட்டால் அந்த ஷாஃப்ட் நெடுஞ்சாலையில் சுழலாது, கவலையில்லை. உங்கள் வண்டியில் அது எப்போதும் சுழல்கிறது. ஆகவே அலைச்சல் நின்று, அதன் இடத்தில் அதிர்வு வரலாம். வந்தால், முன் ஷாஃப்டைக் கழற்றி, முன் பின் அச்சுகளுக்கு விசையைப் பிரிக்கும் சென்டர் டிஃபரென்ஷியலைப் பூட்டி, சிறிது தூரம் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அதிர்வு நின்றுவிட்டால் காரணம் இதுவே. கேஸ்டரில் ஒரு டிகிரியை விட்டுக்கொடுங்கள், அல்லது இரட்டை மூட்டு உள்ள ஷாஃப்டுக்கு மாறுங்கள். "சக்கரம் பேலன்ஸ் ஆகவில்லை" என்று சொல்லி மறுபடி உங்களை அலைக்கழிக்க விடாதீர்கள்.

கேஸ்டரைத் திருத்திய பிறகு டோவைப் பார்க்க வேண்டும். முன்பும் பின்பும் எடுத்த கேஸ்டர் எண்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக ஸ்டீயரிங் பாக்ஸ். ஸ்டீயரிங்கை அசைக்கும்போது, பாக்ஸுக்குள் போகும் தண்டு திரும்பியும் வெளியே வரும் பிட்மேன் ஆர்ம் கணிசமான அளவு அசையாமல் நின்றால் மட்டுமே அதைச் சந்தேகியுங்கள். அப்போதும் மேலே இருக்கும் சரிசெய்யும் திருகை ஒரேயடியாக முறுக்க யாரையும் அனுமதிக்க வேண்டாம். மிகையாக இறுக்கினால் பல்சக்கரங்கள் தேயும்; ஸ்டீயரிங் நடுவுக்குத் திரும்பாமல் சிக்கும். கேஸ்டர் குறைந்த வண்டியும் அப்படித்தான் நடந்துகொள்ளும் என்பதால், பிறகு எது நோய், எது வைத்தியம் என்று பிரித்தறிவதே கடினமாகிவிடும்.