ஆள்காட்டி கத்தியதும் திரும்பியது சரிதான்

வணக்கம். போன ஞாயிறு ஓர் ஈரநிலக் காப்பகத்தில் நடந்த கோடைப் பறவை நடைக்குப் போயிருந்தேன். இதுதான் முதல் தடவை. 30 பேர் வந்திருந்தோம். ஆறு மணி என்று சொல்லிவிட்டு ஏழரைக்குத்தான் கிளப்பினார்கள். மூன்று மணி நேரத்தில் பார்த்தது 14 வகை. அதிலும் பாதி, எங்கும் பார்க்கிற கொக்கும் நீர்க்காகமும் முக்குளிப்பானும்தான். தண்ணீரை ஒட்டி நல்ல கரை ஒன்று வந்தது. அங்கே ஓர் ஆள்காட்டிப் பறவை கத்தியது என்பதற்காக வழிகாட்டி எல்லோரையும் திருப்பிக் கூட்டிவந்துவிட்டார். எனக்கு ஏமாற்றம். கோடையில் இப்படிப் போவதில் பயன் உண்டா? வலசைப் பறவைகள் வரும்வரை காத்திருப்பதுதான் நல்லதா?

பி.கு.: பெயர் தெரியாத ஒரு பறவையின் படத்தை இணைத்திருக்கிறேன். தலையில் கறுப்பு வெள்ளை வரிகள், உருவம் கைக்குள் அடங்குகிற அளவு. பதினைந்தாவதாக இதைச் சேர்த்துக்கொள்ளலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

ஏழரைக்குக் கிளம்பியது தப்பு. கரையிலிருந்து திரும்பியது சரி.

முதலாவதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். கோடையில் விடிந்ததும் வருகிற இரண்டு மணி நேரம்தான் பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும். வெயில் ஏறினால் வாயைத் திறந்து தொண்டையைப் படபடவென்று துடிக்கவிட்டபடி நிழலில் ஒதுங்கிவிடும். பைனாகுலரில் பார்த்தாலும் கானல் நெளிகிற நெளிப்பில் கொக்கும் குச்சியும் ஒன்றாகத்தான் தெரியும். அந்த நேரத்துக்கு 14 வகை குறைவே இல்லை.

இனி ஆள்காட்டி. அது வெறும் தரையில் முட்டையிடுகிற பறவை. கூடு என்று சொல்ல ஒன்றும் இருக்காது. ஒரு சிறு பள்ளம், சுற்றிலும் நாலைந்து கூழாங்கற்கள், அவ்வளவுதான். பெரும்பாலும் நான்கு முட்டைகள். மண்ணோடு மண்ணாகப் புள்ளி போட்டிருக்கும், மிதிக்கும்வரை தெரியாது. கோடையின் உச்சி வெயிலில் முட்டைக்குச் சூடு கொடுக்க வேண்டியதில்லை, சூட்டிலிருந்து காப்பாற்ற வேண்டும். தாயும் தகப்பனும் மாறி மாறி முட்டைமேல் நின்று நிழல் கொடுக்கும். அதுவும் போதாதபோது தண்ணீருக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து, அந்த ஈரத்தோடு முட்டைமேல் உட்காரும்.

உங்கள் தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றுகிற ஆள்காட்டி முட்டைமேல் இல்லை. நீங்கள் 30 பேரும் கரையில் நின்று ரசிக்கிற அத்தனை நேரமும் முட்டை வெயிலில் கிடக்கிறது என்று பொருள்.

எனக்கே இது தாமதமாகத்தான் உறைத்தது. ஒரு கோடையில் ஓர் ஆள்காட்டி என்மேல் பாய்ந்து பாய்ந்து வந்தது. ஆஹா, என்ன துணிச்சல் என்று அரை மணி நேரம் அதே இடத்தில் நின்று படம் எடுத்தேன். படங்கள் பிரமாதமாக வந்தன. வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால், தரையோடு எடுத்த ஒரு படத்தின் மூலையில் முட்டைகள். பக்கத்தில் என் செருப்பின் நுனி. அந்தப் படங்களை இதுவரை யாருக்கும் காட்டியதில்லை.

ஆகவே, குறை சொல்வதென்றால் கூட்டத்தைச் சொல்லுங்கள். ஒரு வழிகாட்டியோடு 30 பேர் என்பது நடை இல்லை, ஊர்வலம். பத்துப் பேருக்குள் இருந்தால் நல்லது. எவர் கண்ணிலாவது ஏதாவது பட்டுக்கொண்டே இருக்கும், கிசுகிசுத்தாலே எல்லோருக்கும் கேட்டுவிடும்.

வலசைக் காலத்திலும் போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கோடையை அதற்கான காத்திருப்பாக வைத்துக்கொள்ளாதீர்கள். நீளவால் இலைக்கோழி என்ற நீர்ப்பறவைக்கு அந்த நீண்ட வால் இனப்பெருக்கக் காலத்தில் மட்டும்தான். குளிர்காலத்தில் போனால் குட்டை வாலோடு மங்கிய பழுப்பு நிறத்தில் நிற்கும். பெயர்ப் பொருத்தமே இருக்காது. அந்த இனத்தில் பெண், முட்டையிட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும். மிதக்கும் இலைமேல் உட்கார்ந்து அடைகாப்பது, குஞ்சு வளர்ப்பது எல்லாம் அப்பாவின் பாடு.

அப்புறம், 'எங்கும் பார்க்கிற கொக்கு' என்று எழுதியிருக்கிறீர்களே, அதன் தலையும் கழுத்தும் ஆரஞ்சு நிறத்தில் இருந்தனவா? இருந்தால் அது இணைசேரும் காலத்து உண்ணிக்கொக்கு. முதுகு கரும்சிவப்பாக இருந்திருந்தால் மடையான். இரண்டும் மற்ற மாதங்களில் இப்படி இருக்காது. நாரை ஏதாவது கண்ணில் பட்டதா? காலில் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்திருந்தால் நோய் என்று நினைக்க வேண்டாம். வெக்கை தாங்காமல் தன் காலிலேயே எச்சமிட்டுக்கொள்ளும். அந்த ஈரம் காயும்போது உடம்புச் சூடு குறையும். அழகான காட்சி என்று சொல்ல மாட்டேன்.

கடைசியாக, உங்கள் படம். அது முக்குளிப்பானின் குஞ்சு. தலையில் அந்த வரிகள் சிறு வயதில் மட்டும்தான் இருக்கும், வளர்ந்தால் மறைந்துவிடும். படத்தின் ஓரத்தில் கலங்கலாகத் தெரிகிறதே ஒரு முதுகு, அது அம்மா அல்லது அப்பா. குஞ்சு அதிலிருந்து அப்போதுதான் இறங்கியிருக்க வேண்டும். முக்குளிப்பானை ஏற்கெனவே கணக்கில் சேர்த்துவிட்டீர்கள். எனவே 14 தான்.