ஃபெலிக்ஸ் மாகத்: இரண்டு நாற்காலிகள் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

சதுரங்கம் பற்றிய தங்கள் கட்டுரையில், நோய்ப்படுக்கையில் கிடந்தபோது சதுரங்கம் கற்றுக்கொண்ட ஜெர்மானியக் கால்பந்து வீரர் என்று ஃபெலிக்ஸ் மாகத்தை ஒரே வரியில் சொல்லிக் கடந்திருந்தீர்கள். யார் அவர் என்று தேடிப் பார்த்தேன். வீரர்களை வதைக்கும் சர்வாதிகாரி என்றும், காயம்பட்ட தொடையில் பாலாடைக்கட்டியை வைத்துக் கட்டச் சொன்ன கிறுக்கர் என்றும்தான் கிடைத்தது. அப்படிப்பட்டவர் எப்படிப் பயிற்சியாளராக மூன்று முறை ஜெர்மானிய லீக் பட்டம் வென்றார்? வென்றவரை ஏன் கிளப்புகள் மாறி மாறி வெளியே அனுப்பின? சில இடங்களில் பயிற்சியாளர் என்றும் சில இடங்களில் மேனேஜர் என்றும் எழுதியிருக்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானா? கடைசிவரை அவர் மாறவே இல்லையா?

செ.,
திருச்சி

அன்புள்ள செ.,

பாலாடைக்கட்டியை முதலில் முடித்துவிடுவோம். 2014இல் இங்கிலாந்தின் ஃபுல்ஹாம் கிளப்பில் மாகத்தின் கீழ் ஆடிய நார்வே வீரர் பிரேட ஹாங்கெலாந்து, கிளப்பை விட்டு வந்தபின் சொன்ன கதை அது. குவார்க் எனப்படும் மென்பாலாடையை வைத்துக் கட்டிப் பார்க்கலாமே என்று யோசனை சொன்னதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை என்பது மாகத்தின் விளக்கம். ஜெர்மானிய வீடுகளில் வீக்கத்துக்குக் குவார்க் வைப்பது, நம் வீடுகளில் பற்றுப் போடுவதைப் போன்ற பழைய வைத்தியம். இங்கிலாந்துப் பத்திரிகைகளுக்கு அது நல்ல தீனியாக அமைந்தது, அவ்வளவே.

உங்கள் மூன்றாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இங்கிலாந்தில் அணியைப் பயிற்றுவிப்பவரையே மேனேஜர் என்பார்கள். ஜெர்மனியில் இவை வெவ்வேறு நாற்காலிகள். களத்தில் நிற்பவர் பயிற்சியாளர். வீரர்களை வாங்குவதும் விற்பதும், ஊதியம் பேசுவதும், தேவைப்பட்டால் அந்தப் பயிற்சியாளரையே வீட்டுக்கு அனுப்புவதும் மேனேஜரின் வேலை. பயர்ன் மியூனிக்கில் ஊலி ஹோனெஸ் 1979இல் தம் 27ஆவது வயதில் மேனேஜரானதும், ஹாம்பர்க்கில் குந்தர் நெட்சர் அதே பொறுப்பில் இருந்து பெரிய அணியொன்றைக் கட்டியதும் இந்த ஏற்பாட்டின் புகழ்பெற்ற முன்மாதிரிகள். மாகத் இரண்டு நாற்காலிகளிலும் தனித்தனியே உட்கார்ந்து பார்த்தவர். பிறகு இரண்டையும் ஒன்றாக்கி அதில் தாம் மட்டும் உட்கார விரும்பியவர். அவருடைய ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் அந்த விருப்பமே காரணம் என்பது என் எண்ணம்.

அவர் 1953இல் அஷாஃபென்பர்க் நகரில், ஜெர்மானியத் தாய்க்கும் அங்கு முகாமிட்டிருந்த அமெரிக்கப் படையைச் சேர்ந்த புவேர்ட்டோ ரிக்கோ தீவுக்காரத் தந்தைக்கும் பிறந்தார். குழந்தையாக இருக்கும்போதே தந்தை ஊர் திரும்பிவிட்டார். சார்ப்ரூக்கனில் ஆடிவிட்டு 1976இல் ஹாம்பர்க்கில் சேர்ந்த மாகத், அங்கே பத்தாண்டுகள் நடுக்களத்தை ஆண்டார். அவரை வார்த்தவர்கள் என்று இருவரைச் சொல்ல வேண்டும். ஒருவர், ஓட்டமும் உடற்பயிற்சியுமாக வீரர்களைப் பிழிந்தெடுத்து 1979இல் ஹாம்பர்க்குக்குப் பட்டம் வாங்கித் தந்த பிராங்கோ செபெக். மற்றவர், அதிகம் பேசாத ஆஸ்திரியர் எர்ன்ஸ்ட் ஹாப்பெல். பிற்காலத்தில் மாகத்தின் கொடுமை என்று எழுதப்பட்டதில் பெரும்பகுதி, தம் உடம்பில் பட்டுப் பலன் தந்ததாக அவர் நம்பிய பாடம். 1978இல் கல்லீரல் அழற்சியால் படுத்துக் கிடந்தபோது, பாகியோவில் கார்ப்போவும் கோர்ச்னாயும் மோதிய உலகப் பட்டப் போட்டியைப் பின்தொடர்ந்து அவர் சதுரங்கம் பழகினார் என்பதையும் இதனுடன் சேர்த்துப் பார்க்கலாம்.

1983 மே 25 அன்று ஏதென்ஸில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தை அவசியம் பாருங்கள். எதிரே இத்தாலியக் கிளப்பான யுவென்டஸ்: பிளாத்தினி, போனியெக், அவர்களோடு முந்தைய ஆண்டு உலகக் கோப்பையை வென்ற இத்தாலி அணியின் ஆறு பேர். ஒன்பதாவது நிமிடத்தில், பெனால்டி பகுதிக்கு வெளியிலிருந்து மாகத் இடக்காலால் அடித்த பந்து கோல்காப்பாளர் டினோ சோஃபைத் தாண்டி வலைக்குள் இறங்கியது. ஆட்டத்தில் விழுந்த ஒரே கோல் அதுதான். 43 முறை நாட்டுக்காக ஆடியவர், 1980இல் ஐரோப்பியப் பட்டம் வென்ற அணியில் இருந்தவர் என்றாலும், ஹாம்பர்க்வாசிகளுக்கு அவர் அந்த ஒரு கோல்தான்.

அவருடைய கடைசிச் சர்வதேச ஆட்டம், மாரடோனாவின் அர்ஜென்டினாவிடம் தோற்ற 1986 உலகக் கோப்பை இறுதி. அதே கோடையில் ஆட்டத்தை விட்டுவிட்டு ஹாம்பர்க்கில் நெட்சரின் நாற்காலிக்குப் போனார். ஆக, அவர் பயிற்சியாளராகும் முன்பே மேனேஜரானவர். மறு ஆண்டு ஹாப்பெல் விலகினார். அவருக்குப் பின் வந்த யோசிப் ஸ்கோப்லர் சில மாதங்களே தாங்கினார். 1988இல் மாகத்தும் போனார். பயிற்சியாளர் தொழிலை அவர் தொடங்கியது 1992இல், பிரெமர்ஹாஃபன் என்ற துறைமுக நகரின் சிறிய கிளப்பில், தாமும் ஆடிக்கொண்டே. ஐரோப்பியக் கோப்பையை வென்று தந்தவர் இப்படி அடியிலிருந்து தொடங்கியதை அவரைத் திட்டுபவர்கள் நினைவுகூர்வதே இல்லை.

ஹாம்பர்க், நூரன்பர்க், பிரேமன், ஃபிராங்க்ஃபர்ட் என்று நீளும் அடுத்த ஆண்டுகளில் அவருக்குக் கிடைத்த பெயர் தீயணைப்பு வீரர் என்பது. இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்படவிருக்கும் அணியிடம் மெடிசின் பால் எனப்படும் கனமான பயிற்சிப் பந்துகளுடன் வந்து நிற்பார், அணி பிழைத்துக்கொள்ளும். வதைப்பது என்ற ஜெர்மானியச் சொல்லை ஃபெலிக்ஸோடு ஒட்டி ‘குவெலிக்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். மாகத் டைட்டானிக்கைக் காப்பாற்றியிருப்பாரோ என்னவோ, பிழைத்தவர்கள் நல்ல உடற்கட்டோடு இருந்திருப்பார்கள் என்று ஃபிராங்க்ஃபர்ட்டில் அவரிடம் ஆடிய யான் ஓகே ஃபியோர்டாஃப்ட் சொன்னது இன்றும் அங்கே வழங்குகிறது.

ஆனால் அவரை வெறும் தண்டால் வாத்தியார் என்று நினைத்தால் ஸ்டுட்கார்ட் புரியாமல் போய்விடும். 2001இல் அவர் அங்கே போனபோது கிளப்பிடம் பணமில்லை. ஆகவே ஹில்டெபிராண்ட், ஹிங்கெல், குராணி, ஹிலெப் போன்ற இளைஞர்களை நம்பினார். அந்த அணி 2003இல் லீகில் இரண்டாமிடம் பெற்று, அதே ஆண்டு அக்டோபரில் மான்செஸ்டர் யுனைடெட்டை 2-1 என்று வீழ்த்தியது. பயர்னிலிருந்து இரவலாக வந்த ஃபிலிப் லாம் முதல் பிரிவில் வளர்ந்ததும் இங்கேதான். இழப்பதற்கு ஒன்றுமில்லாத, பசியுள்ள இளைஞர்களிடம் அவர் முறை அப்படியே பிடித்துக்கொண்டது.

பயர்னில் 2005, 2006 என்று அடுத்தடுத்து லீகையும் ஜெர்மானியக் கோப்பையையும் சேர்த்து வென்றார். அதற்கு முன் எந்தப் பயிற்சியாளரும் அதைச் செய்ததில்லை. ஆனால் அங்கே மேனேஜர் ஹோனெஸ். 2007 ஜனவரி 31 அன்று, அணி நான்காமிடத்தில் இருக்கும்போது மாகத்தை நீக்கிவிட்டார்கள். இரண்டு நாற்காலிகளும் எனக்கே வேண்டும் என்ற பிடிவாதத்தை அந்த நாள் இறுக்கியிருக்கும் என்று ஊகிக்கிறேன். அதே கோடையில் ஃபோல்க்ஸ்வாகன் நிறுவனத்தின் கிளப்பான வோல்ஃப்ஸ்பர்க் அவருக்கு இரண்டையும் கொடுத்தது.

அங்கே நடந்ததை, இரண்டு பதவிகளும் ஒருவர் கையில் இருப்பதற்குச் சாதகமான மிக வலுவான சான்றாகவே நான் கருதுகிறேன். பயிற்சி மைதானத்தில் ஒரு குன்றை எழுப்பிப் படிக்கட்டு கட்டினார். வீரர்கள் அதற்குத் துயரக்குன்று என்று பெயரிட்டார்கள். அந்தக் குன்றை ஏறக்கூடியவர்களையே தேடித் தேடி வாங்கினார்: பிரான்ஸின் லெ மான்ஸிலிருந்து கிராஃபித்தே, செக் நாட்டின் தெப்லித்செயிலிருந்து எடின் ஜெக்கோ, நூரன்பர்கிலிருந்து மிசிமோவிச். யாரை எப்படி ஓட்டப் போகிறோம் என்று தெரிந்தவரே யாரை வாங்குவது என்றும் முடிவு செய்ததால், இரண்டுக்கும் நடுவே இடைவெளி இல்லை. 2008-09 குளிர்கால இடைவேளையின்போது ஒன்பதாமிடத்தில் இருந்த அணி, வசந்தத்தில் தொடர்ந்து பத்து ஆட்டங்களை வென்றது. ஏப்ரலில் பயர்னை 5-1 என்று சாய்த்த ஆட்டத்தில், தடுப்பாட்டக்காரர்களைச் சுற்றிவந்து குதிகாலால் கிராஃபித்தே உருட்டிவிட்ட கோலைப் பார்க்காதவர் கால்பந்து பார்த்ததாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது என்பேன் (மிகைதான், பொறுத்துக்கொள்ளுங்கள்). அந்தப் பருவத்தில் கிராஃபித்தே 28 கோல், ஜெக்கோ 26. மே மாதத்தில் கிளப்பின் முதல் லீக் பட்டம்.

அந்தப் பட்டம் கைக்கு வருவதற்கு முன்பே அவர் ஷால்கவுக்குப் போவதாக அறிவித்துவிட்டார். அங்கும் இரண்டு நாற்காலிகள், கூடவே நிர்வாகக் குழுவில் ஓர் இடம். முதல் ஆண்டில் இரண்டாமிடம், அடுத்த கோடையில் ரயல் மாட்ரிட்டிலிருந்து ராவுல். 2011 மார்ச்சில், சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் இருந்த அணியிடமிருந்து அவரை நீக்கினார்கள். இரண்டு நாளில் மறுபடி வோல்ஃப்ஸ்பர்க்; அணியைக் கடைசி நாளில் காப்பாற்றினார்; பிறகு வாங்கி வாங்கிக் குவித்தார்; 2012 அக்டோபரில் அணி கடைசியிடத்தில் இருக்கும்போது வெளியேறினார். குன்றுக்குப் பொருத்தமானவர்களைத் தேடி வாங்கிய அதே கை, இப்போது ஒருவர் சரிவராவிட்டால் இன்னொருவர் என்று வாங்கத் தொடங்கியிருந்தது. வேண்டாம் என்று சொல்லப் பக்கத்து நாற்காலியில் ஆள் இல்லை. அச்சத்தால் ஓடும் அணிக்கு ஆபத்து நீங்கியதும் ஓடக் காரணம் இருப்பதில்லை என்பதும் உண்மை. ஆனால் என் கணக்கில் அது இரண்டாவது காரணம்தான். ஃபுல்ஹாமில் அச்சம், வாங்கிக் குவிப்பது இரண்டுமே வேலை செய்யவில்லை: அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது, அங்கும் ஏழு ஆட்டங்களில் ஒரே புள்ளி.

மாறவே இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். 2022 மார்ச்சில், 68 வயதில், மூழ்கிக்கொண்டிருந்த ஹெர்த்தா பெர்லினுக்கு வந்தார், பயிற்சியாளராக மட்டும். அணி, முதல் பிரிவில் நீடிக்க, அப்போது இரண்டாம் பிரிவில் இருந்த ஹாம்பர்க்குடன் இரண்டு ஆட்டங்கள் மோத வேண்டியதாயிற்று. பெர்லினில் 0-1 என்று தோல்வி. மறு ஆட்டத்துக்கு முன் மூத்த வீரர் கெவின்-பிரின்ஸ் போவாட்டெங்கை அழைத்து, நீ ஆடுகிறாய் என்று மாகத் சொல்லியிருக்கிறார். அப்படியானால் யாரோடு ஆடுவது என்பதை நான் சொல்கிறேன் என்றாராம் அவர். ஆட்டம் முடிந்ததும் போவாட்டெங்கே இதைத் தொலைக்காட்சியில் சொன்னார். மே 23 அன்று ஹாம்பர்க்கில் ஹெர்த்தா 2-0 என்று வென்றது. ஏதென்ஸ் கோலை அடித்தவரின் அணியால், ஹாம்பர்க் மேலும் ஓராண்டு இரண்டாம் பிரிவிலேயே கிடந்தது.