மிளகளவு நிலா

கேள்வி: போன பௌர்ணமிக்குக் காசிமேட்டில் நிலா கடலிலிருந்து எழும்பியபோது தாம்பாளம் மாதிரி இருந்தது. போனில் எடுத்தால் வெறும் புள்ளி. பெரிய லென்ஸ் வாங்கினால் கடலில் நிற்கும் போட்டு (படகு) ஒன்றோடு சேர்த்து நிலாவைப் பெரிதாக எடுக்க முடியுமா சார்?
– கல்லூரி மாணவர், காசிமேடு

பதில்: அடுத்த பௌர்ணமிக்கு ஒரு மிளகை எடுத்துக்கொண்டு போங்கள் தம்பி. கையை முழுக்க நீட்டி, மிளகை விரல் நுனியில் பிடித்து, ஒற்றைக் கண்ணால் பாருங்கள். தாம்பாளம் ஏறக்குறைய முழுக்க அதற்குப் பின்னால் மறைந்துவிடும். வானத்தில் நிலா பிடித்திருக்கும் இடம் அரை டிகிரிதான். அடிவானத்தில் பெரிதாகத் தெரிவது நம் மனசு செய்யும் வேலை. உச்சிக்கு வந்தபின் பார்த்தாலும் அதே மிளகு போதும்.

போனின் வழக்கமான லென்ஸ் கடல், வானம், ஜனம் எல்லாவற்றையும் வாரிப் போட்டுக்கொள்கிறது. அதில் நிலாவுக்குக் கிடைப்பது படத்தின் அகலத்தில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவு. லென்ஸின் ஃபோகல் லெங்த்தை (அதன் மேல் எழுதியிருக்கும் எம்.எம். எண்ணை) 110-ஆல் வகுத்தால், கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் நிலா எத்தனை மில்லிமீட்டர் விழும் என்று தெரிந்துவிடும். 50 எம்.எம். லென்ஸில் அரை மில்லிமீட்டர்கூட வராது. 200-ல் 1.8, 600-ல் ஐந்தரை. வண்ணாரப்பேட்டை ஸ்டூடியோவில் சேர்ந்த புதிதில், 50 எம்.எம்.மை வைத்து ஒரு ரோல் முழுக்க நிலாவுக்கே செலவழித்தேன். 36 படத்திலும் புள்ளி. முதலாளி திட்டவில்லை. நெகட்டிவ் கவர் மேல் இந்த வகுத்தல் கணக்கை எழுதிக் கொடுத்தார்.

போட்டு விஷயம் வேறு. லென்ஸ் போட்டையும் நிலாவையும் ஒரே மடங்குதான் பெருக்கும். போட்டுக்குப் பக்கத்தில் நிலா எவ்வளவு பெரிது என்பதை நீங்கள் நிற்கும் தூரம்தான் முடிவு செய்யும். 9 மீட்டர் ஃபைபர் போட்டு 100 மீட்டரில் குறுக்காக நின்றால், அதன் நீளத்துக்குப் பத்து நிலா அடுக்கலாம். அதே போட்டு ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போனால் இரண்டும் சரிசமம். ஏறக்குறைய 3,84,000 கி.மீ. தள்ளியிருக்கும் நிலாவுக்கு இந்த ஒரு கிலோமீட்டர் ஒரு பொருட்டே இல்லை. போட்டு மட்டும் சுருங்கும். அப்போது 600 லென்ஸ் இரண்டையும் சேர்த்துக் கிட்டே இழுத்துத் தரும். அதனால் கரையில் கட்டியிருக்கும் போட்டை விட்டுவிட்டு, தூரத்தில் குறுக்கே போகிற போட்டுக்குக் காத்திருங்கள்.

லென்ஸை வாங்க வேண்டாம், ஒருநாள் வாடகைக்கு எடுங்கள். பௌர்ணமிக்கு முந்தின நாள் போவது நல்லது. அன்று பொழுது சாயுமுன்பே நிலா எழுந்துவிடும். வெளிச்சம் மிச்சமிருப்பதால் போட்டில் நிற்கும் ஆட்களின் சட்டை நிறம்கூடத் தெரியும். ஸ்டாண்டை முன்கூட்டியே போட்டு வையுங்கள். தன் அகலத்தைத் தாண்டி நகர நிலாவுக்கு இரண்டே நிமிஷம் போதும்.