தோள் பாரம் இறங்கிய பிறகு: மார்பகக் குறைப்பு அறுவை சிகிச்சையும் அடுத்த ஆறு வாரங்களும்

கேள்வி: எனக்கு வயது 34. ஊர் அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லராக இருக்கிறேன். சிறு வயதிலிருந்தே எனக்கு மார்பகங்கள் பெரியவை. குழந்தை பிறந்த பிறகு இன்னும் பெருத்துவிட்டன. மாலை ஆனால் கழுத்தும் தோளும் தாங்க முடியாமல் வலிக்கின்றன. வெயில் காலத்தில் மார்பகத்தின் அடியில் புண்ணாகிவிடுகிறது. அறுவை சிகிச்சை செய்து அளவைக் குறைக்கலாம் என்று மருத்துவர் சொல்கிறார். “கடவுள் கொடுத்த உடம்பை எதற்கு அறுக்க வேண்டும்?” என்கிறார் அத்தை. என்ன செய்வார்கள்? எத்தனை நாள் வேலைக்குப் போக முடியாது? வீட்டில் இரண்டு மாடுகள் இருக்கின்றன, பால் கறக்கலாமா? இன்னொரு குழந்தை பிறந்தால் தாய்ப்பால் சுரக்குமா?

பதில்: அத்தையிடமிருந்தே தொடங்குகிறேன். இந்த அறுவை சிகிச்சையைப் பெண்கள் வருடக்கணக்கில் தள்ளிப்போடுவதற்குக் கத்தி மீதுள்ள பயத்தைவிட வீட்டார் வாய்தான் பெரிய காரணம். பிராவின் பட்டை உங்கள் தோளில் பதித்திருக்கும் பள்ளத்தை அத்தையிடம் ஒருமுறை காட்டுங்கள். அந்த இடத்தில் தோல் கறுத்துத் தடித்திருக்கும். மார்பகத்தின் அடி மடிப்பில் வியர்வையும் பூஞ்சையும் சேர்ந்து தோலை உரித்து வைத்திருப்பதையும் காட்டுங்கள். இதைப் பார்த்த பிறகும் அழகுக்காக அறுத்துக்கொள்கிறாள் என்று சொல்பவர்கள் குறைவு.

ஆனால் மேசையில் ஏறுவதற்கு முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். நாள் முழுக்கக் குனிந்து தைக்கிறவருக்குக் கழுத்து வலிக்க, மார்பகம் பெரிதாக இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. கழுத்து எலும்புத் தேய்மானம், நாற்காலியின் உயரம், ரத்தசோகை என்று வேறு காரணங்கள் இருந்தால் அந்த வலி அறுவை சிகிச்சைக்குப் பிறகும் உங்களுடனேயே இருக்கும். இரண்டு கைகளாலும் மார்பகங்களைத் தூக்கித் தாங்கிப் பாருங்கள். தோளும் முதுகும் உடனே லேசானால் அது ஒரு நல்ல அடையாளம். அகலப் பட்டை வைத்த, அளவு சரியான பிராவைச் சில வாரம் போட்டுப் பார்ப்பதும் நல்லது. உலகத்துக்கே உள்ளாடை தைத்து அனுப்புகிற ஊரில், தைக்கிற பெண்களில் பலர் தமக்குப் பொருந்தாத அளவைத்தான் அணிந்திருக்கிறார்கள்.

அடி மடிப்புப் புண்ணுக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய களிம்பு ஏதாவது போடுகிறீர்களா? அப்படி வாங்கும் கலவைக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. இரண்டு நாளில் அரிப்பு அடங்கும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து போகும், பூஞ்சையும் மேலும் பரவும். தையல் விழப்போவது அந்தத் தோலில்தான். களிம்பு டியூபை மறக்காமல் கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மற்ற முன்னேற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹீமோகுளோபின், சர்க்கரை, ரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். உங்கள் வயதுக்கு மார்பக அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் போதும். 40-ஐத் தாண்டியவர்களுக்கு மேமோகிராமும் எடுப்பார்கள். குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் இருந்திருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஆஸ்பிரின் போன்ற ரத்தத்தை இளக்கும் மாத்திரை, நாட்டு மருந்து, கருத்தடை மாத்திரை எதையும் மறைக்க வேண்டாம். உடல் எடை மிக அதிகமாக இருந்தால் கொஞ்சம் குறைத்துக்கொண்டு வரச் சொல்வார்கள். எடை கூடக் கூடப் புண் ஆறுவது தாமதமாகும் என்பதால் அப்படிக் கேட்கிறார்கள், கோபப்பட வேண்டாம். புகையிலையை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பீடி, சிகரெட் பழக்கம் இல்லை என்று சொல்லும் பெண்கள் வெற்றிலையோடு சேர்த்து மெல்லும் புகையிலையைக் கணக்கில் எடுப்பதே இல்லை. நிகோடின் எந்த வழியில் உள்ளே போனாலும் தோலின் சிறு ரத்தக்குழாய்களைச் சுருக்கும். அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் குறைந்தது நான்கு வாரம் அதை அறவே விட்டுவிட வேண்டும்.

அறுவை சிகிச்சை நாளன்று காலையில் உங்களை நிற்க வைத்து, தோலின் மேல் பேனாவால் கோடு போடுவார்கள். படுத்தால் மார்பகம் பக்கவாட்டில் சரிந்து அளவு மாறிவிடும். டெய்லருக்கு இதை விளக்கத் தேவையில்லை: மார்க்கிங் தப்பினால் கட்டிங்கும் தப்பும். பிறகு முழு மயக்கம் கொடுப்பார்கள். இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஆகலாம். மிகுதியான சுரப்பித் திசு, கொழுப்பு, தோல் மூன்றையும் எடுத்துவிட்டு, மீதமுள்ளதை மேலே தூக்கி வடிவமைத்துத் தைப்பார்கள். முலைக்காம்பை வெட்டி எடுத்து ஒட்டுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலோருக்கு அப்படி இல்லை. ரத்த ஓட்டமும் நரம்பும் உள்ள ஒரு திசுப் பகுதியோடு சேர்த்தே அதை மேலே நகர்த்துகிறார்கள். மிக மிகப் பெரிய மார்பகங்களில் மட்டும், சில நேரங்களில், தனியாக எடுத்துத் தோல் ஒட்டாக வைக்க வேண்டி வரும். எடுத்த திசுவைப் பரிசோதனைக்கு அனுப்புவது வழக்கம். அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

தழும்பு கட்டாயம் இருக்கும். முலைக்காம்பின் கருவட்டத்தைச் சுற்றி ஒன்று, அங்கிருந்து செங்குத்தாகக் கீழே ஒன்று, பெரிய அளவுக்காரர்களுக்கு அடி மடிப்பின் நீளத்துக்கு இன்னொன்று. முதல் சில மாதம் சிவந்தும் தடித்தும் இருக்கும். நன்றாக மங்க ஒரு வருடம், ஒன்றரை வருடம்கூட ஆகும். காது குத்திய இடமோ அம்மைத் தழும்போ உங்களுக்குத் தடித்து வளர்ந்திருந்தால் அதை முன்கூட்டியே காட்டுங்கள். தழும்பே தெரியாமல் செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் படியை விட்டு இறங்கிவிடுங்கள். பிளாஸ்டிக் அறுவை சிகிச்சையில் எம்.சிஎச். அல்லது அதற்கு இணையான பட்டம் இருக்கிறதா என்று கேட்பதில் தவறே இல்லை. அழகு நிலையம் நடத்துகிறவர்கள் எல்லாம் இன்று கிளினிக் என்று பலகை மாட்டுகிறார்கள்.

மருத்துவமனையில் ஒரு நாளோ இரண்டு நாளோ இருப்பீர்கள். ரத்தக் கசிவை வெளியேற்ற டியூப் வைத்திருந்தால் பெரும்பாலும் வீட்டுக்குப் போவதற்குள் எடுத்துவிடுவார்கள். அன்று மாலையே எழுந்து நடக்கச் சொல்வார்கள், நடங்கள். காலில் ரத்தம் உறையாமலிருக்க அதுதான் வழி. வலி பயந்த அளவுக்கு இருக்காது. மூன்று நான்கு நாள் இறுக்கமும் எரிச்சலும் இருக்கும், பிறகு பாரசிட்டமால் போதும்.

இனிதான் நீங்கள் அதிகம் யோசிக்க வேண்டிய பகுதி வருகிறது. மூன்று மணி நேர அறுவை சிகிச்சையைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்பவர்கள், ஆறு வார வீட்டு வேலையைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. உங்கள் கேள்வியில் மாடு வந்ததே எனக்குப் பிடித்தது.

முதலில் படுக்கை. பாயில் படுப்பவராக இருந்தால் ஆறு வாரத்துக்குக் கட்டில் வேண்டும். தரையிலிருந்து எழும்போது இரண்டு கைகளையும் ஊன்றி மார்புத் தசையை முறுக்கித்தான் எழுகிறோம். தையலுக்கு அது ஆகாது. மல்லாந்து, முதுகுக்கும் தலைக்கும் தலையணை வைத்துச் சற்று உயர்த்திப் படுங்கள். குப்புறப் படுப்பதை மறந்துவிடுங்கள். முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி நான்கு இருந்தால் போதும். தலை வழியாகப் போடும் எதுவும் முதல் இரண்டு வாரம் வேண்டாம். தலை பின்னிவிட ஒரு ஆள் வேண்டும். உங்கள் அம்மாவோ நங்கையாளோ முதல் பத்து நாள் வந்து இருந்தால் நல்லது. மருத்துவர் தரும் கம்பி இல்லாத தாங்கு பிராவை இரவிலும் கழற்றாமல் ஏறக்குறைய ஆறு வாரம் போட வேண்டும்.

முதல் இரண்டு வாரம் கனமான எதையும் தொட வேண்டாம். அதன் பிறகும், ஆறு வாரம் முடியும் வரை, இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் தூக்காதீர்கள். தண்ணீர்க் குடம், கிரைண்டர் கல், கேஸ் சிலிண்டர், பிழிய வேண்டிய ஈரச் சேலை, தூக்கு தூக்கு என்று அழும் பிள்ளை எல்லாமே இதில் அடங்கும். கோயம்புத்தூர் கிரைண்டரின் பெருமை எனக்கும் தெரியும், ஆனால் அந்தக் கல்லை யாராவது தூக்கித் தரட்டும். பால் கறப்பது இன்னும் கடினம். முன்னால் குனிந்து, இரண்டு கையையும் விடாமல் இழுத்து இழுத்து வேலை செய்ய வேண்டும். மாடு காலை உதைத்தால் இடிபடுவதும் மார்புதான். ஆறு வாரம் முழுதும் வேறு யாராவது கறக்கட்டும். ஆள் கிடைக்காது என்றால், மாடு பால் வற்றியிருக்கும் மாதமாகப் பார்த்து அறுவை சிகிச்சைத் தேதியை வாங்குங்கள். தேதியை முடிவு செய்ய இதுவும் நியாயமான காரணம்தான். சாணி அள்ளுவதும் மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிப் போடுவதும் இந்தக் கணக்கில் சேர்ந்தவையே.

மேசை வேலை செய்பவர்கள் இரண்டு வாரத்தில் திரும்பிவிடலாம். பவர் டேபிளில் துணியைத் தள்ளித் தள்ளித் தைக்கும் உங்களுக்கு நான்கு வாரமாவது வேண்டும். கம்பெனியில் பேசி முதலில் செக்கிங் வேலை கிடைக்குமா என்று பாருங்கள், துணிக் கட்டு தூக்காத வரை அது பரவாயில்லை. கைகளை நீட்டிச் சட்டென்று பிரேக் பிடிக்கும்போது வலியில்லை என்று ஆன பிறகுதான் மொபெட்டோ ஸ்கூட்டியோ ஓட்ட வேண்டும். அதற்கு மூன்று நான்கு வாரம் ஆகும். மருத்துவர் பார்த்துச் சரி என்று சொல்லட்டும்.

சாப்பாட்டில் உறவினர்கள் போடும் பத்தியத்தைக் கேட்காதீர்கள். முட்டை ஆகாது, பருப்பு சீழ் வைக்கும், கொள்ளு சூடு என்று ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டு ரசம் சோறு மட்டும் மிச்சம் வைப்பார்கள். புண் ஆறத் தேவையானது புரதம். அரிசியும் பருப்பும், கொள்ளு, முட்டை, மீன், கீரை எல்லாம் சாப்பிடலாம். சர்க்கரை நோய் இருந்தால் அதைக் கட்டுக்குள் வைத்திருங்கள். தையல் மேல் மஞ்சளோ தேங்காய் எண்ணெயோ வேப்பிலை அரைத்ததோ போடக் கூடாது. மஞ்சள் குழம்பில் இருக்கட்டும்.

இரண்டாம், மூன்றாம் வாரத்தில் ஒரு பயம் வரும். நேர்த் தையலும் அடி மடிப்புத் தையலும் சந்திக்கும் புள்ளியில் தோல் மிகவும் இழுபட்டிருக்கும், ரத்த ஓட்டமும் அங்கேதான் குறைவு. அந்த இடம் விரல் நகம் அளவுக்குத் திறந்து, மஞ்சளாக நீர் கசியும். ஒரு பெண் கண்ணாடியில் அதைப் பார்த்தால் எல்லாம் பிரிந்துவிட்டது என்றே நினைப்பார். இது அடிக்கடி நடப்பதுதான். பெரும்பாலும் மறுபடி தைக்காமல், டிரெஸ்ஸிங் மாற்றி மாற்றியே சில வாரங்களில் மூடிவிடும். மருத்துவரிடம் காட்டுங்கள். பக்கத்து வீட்டில் காட்டி அபிப்பிராயம் கேட்க வேண்டாம்.

உடனே ஓட வேண்டியவை வேறு. முதல் இரண்டு நாளில் ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கி இறுகி வலித்தால் உள்ளே ரத்தம் சேர்கிறது என்று அர்த்தம், நடு இரவானாலும் போங்கள். முலைக்காம்பு கருநீலமாக மாறுவது, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், நாற்றத்தோடு சீழ் ஆகியவற்றுக்கும் காத்திருக்கக் கூடாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே போய்க் காட்டுங்கள். மூச்சுத் திணறல் வந்தால் 108-ஐ அழையுங்கள்.

முலைக்காம்பில் உணர்ச்சி சில மாதம் மரத்திருக்கலாம், அல்லது துணி பட்டாலே கூசலாம். பலருக்கு மெல்லத் திரும்பும். சிலருக்கு நிரந்தரமாகக் குறைந்துவிடும். நரம்புகள் மீண்டும் வளரும்போது சுருக் சுருக்கென்று குத்தும், அது கெடுதல் அல்ல. பிற்பாடு எங்காவது கட்டி தட்டுப்பட்டால் பெரும்பாலும் இறுகிய கொழுப்பாகத்தான் இருக்கும். இருந்தாலும் ஸ்கேன் செய்துதான் அப்படிச் சொல்ல வேண்டும், நாமே முடிவு கட்டக் கூடாது.

தாய்ப்பால் பற்றி உறுதி கொடுப்பவரை நம்பாதீர்கள். முலைக்காம்போடு பால் நாளங்களும் ஒரு பகுதிச் சுரப்பியும் விடப்படுவதால் பலருக்குப் பால் சுரக்கும். அது குழந்தைக்குப் போதுமா என்பது வேறு கேள்வி. புட்டிப்பால் சேர்த்துக் கொடுக்க நேரலாம். கர்ப்பத்தில் மார்பகம் மறுபடி பெருத்து, செய்த வடிவமும் மாறும். ஆகவே இரண்டொரு வருடத்துக்குள் இன்னொரு குழந்தை வேண்டும் என்று நீங்களும் கணவரும் நினைத்தால், பெற்று, பால் நிறுத்தி, ஆறு மாதம் கழித்து வாருங்கள். நினைக்கவில்லை என்றால், வந்தாலும் வரலாம் என்று காத்திருந்து தோளைத் தேய்த்துக்கொள்ள வேண்டாம்.

பணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் சனிக்கிழமைச் சம்பளத்தில் ஓடும் வீட்டுக்கு அதுதான் முதல் கேள்வி. மருத்துவக் காப்பீட்டு பாலிசிகளில் அழகு சிகிச்சைக்குப் பணம் இல்லை என்ற விலக்கு இருக்கும். விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்புக்கும், உடல்நலத்துக்கு நேரடி ஆபத்தை நீக்கத் தேவை என்று மருத்துவர் சான்று தருவதற்கும் மட்டும் அதில் வழி விட்டிருக்கிறார்கள். அந்த வழி குறுகலானது. தோள் வலிக்கும் அடி மடிப்புப் புண்ணுக்கும் நீங்கள் சிகிச்சை எடுத்த சீட்டுகள், புகைப்படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து, அறுவை சிகிச்சைக்கு முன்பே எழுத்தில் ஒப்புதல் கேளுங்கள். கம்பெனியில் சம்பளத்திலிருந்து இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கிறார்கள் என்றால் முதலில் உங்கள் டிஸ்பென்சரிக்குப் போய், கோவை சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் பரிந்துரை கேட்டுப் பாருங்கள். ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருந்தால், மருத்துவச் சான்றின் பேரில் விடுப்பு நாட்களுக்குச் சராசரி தினக் கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். வருடத்துக்கு 91 நாள் வரை இந்தத் தொகை உண்டு. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பிளாஸ்டிக் அறுவை சிகிச்சைத் துறை இருக்கிறது, அங்கேயும் காட்டலாம்.

கடைசியாக ஜாக்கெட். கட்டு பிரித்ததும் மார்பகம் மேலே ஏறி, சதுரமாக, வீங்கித் தெரியும். அதைப் பார்த்துச் சோர்ந்துபோக வேண்டாம். வீக்கம் வடிந்து, கீழ்ப்பக்கம் நிறைந்து, உண்மையான வடிவம் வர ஆறு மாதமாகும். அதுவரை பிரா இரண்டு மட்டும் வாங்குங்கள். புது ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வேண்டாம். பழையவற்றைப் பிடித்துத் தைத்துக்கொள்ள உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனால் அதையும் நான்காம் வாரத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.