பகிடி எப்ப வதையாகுது?

யாழ்ப்பாணக் கிளையொன்றில் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள், மலையகத்தவர் சேர்ந்து வேலை செய்கையில் ‘பகிடி’ என்ற பெயரில் நடக்கும் சீண்டலை எப்படித் தடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரே ஆளின் உச்சரிப்பையும் ஊரையும் திரும்பத் திரும்ப நெளித்துக் காட்டினால் அது வதைதான். சத்தமில்லாதது இன்னும் மோசம்: வெள்ளி மதியம் ஜும்ஆ தொழுகை நேரத்தில் கூட்டம் வைப்பது, விளங்காத மொழியிலேயே கதைப்பது (தமிழால் சிங்கள ஊழியரை ஒதுக்குவதும் சேர்த்தி).

விதியை இரு மொழியிலும் ஒட்டுங்கள். முறைப்பாடு கேட்பவர் மேலாளராக மட்டும் இருக்கக்கூடாது. சீண்டுபவரே அவராக இருக்கலாம். திகதி, நேரம், சாட்சியோடு சொன்ன வார்த்தையை அதே மொழியில் எழுதி வையுங்கள். மொழிபெயர்த்தால் குத்தல் மறைந்துவிடும். பாலியல் தொந்தரவென்றால் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு இருக்கிறது, பொலிசுக்கே போகலாம்.