நிரம்பி வழியும் ஜிமெயில்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

‘ஸ்டோரேஜ் ஃபுல்’ என்று வருகிறது. நாள் முழுக்க உட்கார்ந்து மெயில்களை அழித்தும் இடம் கிடைக்கவில்லை. எனக்கு அனுப்பும் மெயில்கள் அனுப்பியவருக்கே திரும்பிப் போகின்றனவாம்.
– ஓய்வுபெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்

முதலில் அழிப்பதை நிறுத்திவிட்டு, இடத்தை எது பிடித்திருக்கிறது என்று பாருங்கள். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி, ஜிமெயில், டிரைவ், கூகுள் போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான். 2021 ஜூன் முதல் ஏற்றும் படங்களெல்லாம் இந்தக் கணக்கில் வருகின்றன. ஆண்ட்ராய்டு போனின் வாட்ஸ்அப் பேக்கப்பும் 2024 முதல் இதில் சேர்ந்துவிட்டது. குடும்பக் குழுவில் வந்த காலை வணக்க வீடியோக்களால் உங்கள் மெயில் நின்றுபோயிருக்கலாம். ஜிமெயில் ஆப்பின் மேல் மூலையில் உள்ள உங்கள் படத்தைத் தொட்டு, ஸ்டோரேஜ் என்பதற்குள் போனால் எது எவ்வளவு என்று தனித்தனியாகக் காட்டும். வாட்ஸ்அப்தான் காரணம் என்றால், அதன் பேக்கப் அமைப்பில் வீடியோக்களை விலக்கிவிடுங்கள்.

மெயில்தான் காரணம் என்றால், கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, தேடல் பெட்டியின் வலது ஓரத்தில் உள்ள சின்னக் கோடுகளைத் தொடுங்கள். ஒரு படிவம் விரியும். அதில் ‘சைஸ்’ என்ற இடத்தில் 10 எம்பிக்கு மேல் என்று கொடுத்துத் தேடுங்கள். எழுத்து மட்டுமே உள்ள மெயில்களை நூற்றுக்கணக்கில் அழித்தாலும், கல்யாண வீடியோ இணைத்த ஒரே மெயிலை அழித்துக் கிடைக்கும் இடம் கிடைக்காது.

இன்னொன்று, அழித்தவை டிராஷில் 30 நாள் கிடக்கும். அதுவரை அவையும் கணக்கில்தான் இருக்கும். டிராஷையும் காலி செய்தால்தான் இடம் திறக்கும்.

படிக்காத மெயில் பல ஆயிரம். பெரும்பாலும் கடை விளம்பரம், வேலைவாய்ப்புத் தளம், பழைய மேட்ரிமோனி. எங்கிருந்து தொடங்குவது?
– ஐடி ஊழியர், கோவை

மெயில் மெயிலாகப் போகாதீர்கள். அனுப்புநர் அனுப்புநராகப் போங்கள். ஒரு விளம்பர மெயிலைத் திறந்து, அனுப்பிய முழு முகவரியையும் நகலெடுத்துத் தேடுங்கள். பட்டியலின் மேலே உள்ள கட்டத்தை டிக் செய்தால் அந்தப் பக்கத்தில் உள்ள 50 மட்டுமே தேர்வாகும். பலரும் இங்கேயே சோர்ந்து விட்டுவிடுகிறார்கள். டிக் செய்ததும், தேடலில் கிடைத்த எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்க ஒரு வரி பட்டியலுக்கு மேல் தோன்றும். அதைச் சொடுக்கினால் அந்தக் கடையின் பல வருட மெயில்கள் ஒரே அடியில் போய்விடும். இதைக் கம்ப்யூட்டரில் செய்யுங்கள். போனில் விரல்தான் வலிக்கும்.

வங்கி, காப்பீடு விஷயத்தில் மட்டும் நிறுவனப் பெயரை வைத்துத் தேடி அழிக்காதீர்கள். அவர்களுடைய விளம்பரம் ஒரு முகவரியிலிருந்தும் ஸ்டேட்மென்ட் இன்னொன்றிலிருந்தும் வருவது சாதாரணம். பெயர் ஒன்றாகவே தெரியும். முகவரியைப் பார்த்தால்தான் பிரித்தறிய முடியும். இப்படி மொத்தமாக அழித்த வாரத்தில் டிராஷைக் காலி செய்யவும் வேண்டாம். தப்பாக ஏதாவது போயிருந்தால் திரும்ப எடுக்க அந்த 30 நாள்தான் வாய்ப்பு.

அன்சப்ஸ்கிரைப் கொடுத்தால் இன்னும் அதிகமாக வருமாமே?
– இல்லத்தரசி, மதுரை

நீங்கள் பொருள் வாங்கிய, கணக்குத் தொடங்கிய நிறுவனம் என்றால் பயப்படாமல் கொடுங்கள். ஜிமெயிலுக்கு ஒரே நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புவோர், விளம்பர மெயில்களில் ஒரே சொடுக்கில் விலகும் வசதி தரவேண்டும் என்று கூகுள் 2024-இல் விதி கொண்டுவந்தது. ஜிமெயிலே அனுப்பியவர் பெயருக்குப் பக்கத்தில் காட்டும் அன்சப்ஸ்கிரைப் பொத்தானைப் பயன்படுத்துங்கள். யாரென்றே தெரியாதவர் அனுப்பிய மெயிலுக்குள் இருக்கும் லிங்க்கைத் தொட வேண்டாம். ‘ஸ்பேம்’ என்று குறித்துவிடுங்கள், போதும்.

ஆர்க்கைவ் செய்தால் இடம் மிச்சமாகுமா?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

ஆகாது. ஆர்க்கைவ் செய்த மெயில் இன்பாக்ஸிலிருந்து மறையுமே தவிர, அழியாது. இன்பாக்ஸ் கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும், அவ்வளவுதான்.

அப்பா சில மாதங்களுக்கு முன் காலமானார். அவர் மெயில் பாஸ்வேர்டு அம்மாவிடம் இருக்கிறது. எல்லாவற்றையும் அழித்துக் கணக்கை மூடிவிடலாமா?
– வாசகர், சேலம்

வேண்டாம், இப்போது எதையும் அழிக்காதீர்கள். வீட்டில் யாருக்கும் தெரியாத ஒரு எல்ஐசி பாலிசியோ, மியூச்சுவல் ஃபண்டோ, ஃபிக்ஸட் டெபாசிட்டோ இருந்தால், அது உங்களுக்குத் தெரியவரும் வழி பெரும்பாலும் அந்த மெயில்தான். பிரீமிய நினைவூட்டல் வருடத்துக்கு ஒரு முறை மட்டும் வரக்கூடும். அதனால் குறைந்தது ஒரு முழு வருடமாவது கணக்கு அப்படியே இருக்கட்டும். ‘பாலிசி’, ‘ஃபோலியோ’, ‘நாமினி’, ‘டிவிடெண்ட்’ ஆகிய சொற்களை ஆங்கிலத்தில் கொடுத்துத் தேடிப் பாருங்கள். கிடைப்பதைத் தாளில் குறித்து, அம்மாவை உடன் வைத்துக்கொண்டு அந்தந்த நிறுவனத்திடம் முறைப்படி கோருங்கள்.

அப்பாவின் சிம்மையும் ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள். புதிய கருவியில் நுழையும்போது கூகுள் கேட்கும் குறியீடு அந்த எண்ணுக்கு வரக்கூடும். எண் வேறொருவருக்குப் போய்விட்டால் பாஸ்வேர்டு இருந்தும் உள்ளே போக முடியாமல் ஆகலாம். இரண்டு வருடம் யாருமே பயன்படுத்தாத கணக்கைக் கூகுள் அழித்துவிடலாம் என்பதால், அவ்வப்போது உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

வேலைகள் முடிந்த பிறகும் உடனே மூடிவிட வேண்டாம். ‘கூகுள் டேக்அவுட்’ மூலம் மெயில், படம் எல்லாவற்றையும் ஒரு ஹார்டு டிஸ்க்கில் இறக்கிக்கொள்ளுங்கள். அப்பா உங்களுக்கும் நண்பர்களுக்கும் எழுதியவை ‘சென்ட்’ பகுதியில் இருக்கும். அவை சரியாக இறங்கித் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகு, மூடுவதைப் பற்றி அம்மாவிடம் பேசுங்கள்.